கேன்சல் அடித்துவிட்டு ஊர் திரும்புமுன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். 19 ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 10,000 திர்ஹம். அடிப்படைச் சம்பளம் 6,000. வரும் மார்ச் மாதக் கடைசியில் விசாவைக் கேன்சல் செய்துவிட்டுக் குடும்பத்துடன் ஊருக்கே வந்துவிட எண்ணியிருக்கிறேன். வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி எவ்வளவு வரும்? வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? தென்காசியில் தொடங்கவிருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் முதல் போடும்படி மைத்துனர் வற்புறுத்துகிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் ஒரு கவலை.

— ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் கிராஜுவிட்டி. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கையில் வந்த தொகையைக் கண்டு மனம் நொந்தவர்கள் பலர். ஐக்கிய அரபு அமீரகத் தொழிலாளர் சட்டப்படி அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். வீட்டு வாடகைப் படியும் போக்குவரத்துப் படியும் சேரா. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் என்பதே விதி. மொத்தத் தொகை இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 200 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளின் 105 நாள்களுக்கு 21,000, அடுத்த 14 ஆண்டுகளின் 420 நாள்களுக்கு 84,000, ஆக 1,05,000 திர்ஹம். எடுக்காத விடுப்புக்குரிய பணம் தனி. ஒப்பந்தம் முடிந்த 14 நாள்களுக்குள் நிறுவனம் இவற்றைத் தந்துவிட வேண்டும். ‘ஊருக்குப் போங்கள், பின்னால் அனுப்பிவைக்கிறோம்’ என்று எவ்வளவு நல்ல முதலாளி சொன்னாலும், பணம் வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு முன் விமானம் ஏறாதீர்கள். கிரெடிட் கார்டையும் கடன் பாக்கியையும் அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நிலையாகத் தங்குவதற்காக இந்தியா வந்த நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா உங்களை இந்தியாவில் வசிப்பவராகக் கருதுகிறது. எனவே அந்தக் கணக்கைத் தாமதமின்றிச் சாதாரண ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது பணத்தை ஆர்.எஃப்.சி. எனப்படும் வெளிநாட்டுப் பணக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டுப் பணத்திலேயே போட்டுவைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்புத்தொகை இருந்தால் அதை மட்டும் முதிர்வு நாள்வரை அதே வட்டியில் தொடரலாம். வங்கிக்காரர் கேட்காதவரை நமக்கென்ன என்று ஆண்டுக்கணக்கில் பழைய கணக்கையே ஓட்டுபவர்கள், வரி இல்லை என்று நம்பி வாங்கிவரும் வட்டிக்குப் பின்னாளில் வரியோடு அபராதமும் கட்ட நேரிடலாம்.

வருமான வரியின் கணக்கு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பாதவர் குறைவு. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராக இருந்தவருக்கு, திரும்பிய பின் ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்று சொல்லும் இடைநிலை கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் மட்டும் ஊர் வந்துபோனவர் என்றால் உங்களுக்கு இது இரண்டு நிதியாண்டுகள் நீடிக்கும். அதுவரை ஷார்ஜா வங்கியில் விட்டுவைத்த பணத்தின் வட்டிக்கு இங்கே வரி இல்லை. இந்தியாவில் ஈட்டுவதற்கு உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: நீங்கள் எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அவற்றிலுள்ள முத்திரைகளே சாட்சி.

மைத்துனர் விஷயத்தில் நான் சொல்வது உங்கள் வீட்டாருக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் ஓராண்டுக்கு யாருடைய கடையிலும் பணம் போடாதீர்கள். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில் மளிகை, பள்ளிக் கட்டணம், கல்யாண மொய் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்பது ஓராண்டு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். இதுவரை நீங்கள் இந்த ஊரில் கழித்தது விடுமுறை நாள்களை மட்டுமே. மறுக்கத் தயக்கமாக இருந்தால், ஓராண்டுக்கு முன் எடுக்க முடியாத வைப்பில் பணத்தைப் போட்டுவிட்டு அதையே காரணமாகச் சொல்லுங்கள். நீங்கள் கணக்கர் ஆயிற்றே. அந்தக் கடைக்குப் பணத்துக்குப் பதிலாக ஆறு மாதம் கணக்கு எழுதிக் கொடுங்கள். கொள்முதல் பில்லையும் அன்றாட விற்பனையையும் கண்ணால் பார்த்த பிறகு, கூட்டுச் சேர்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள்.

மகளைப் பற்றிய கவலைதான் நியாயமானது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சில மாதங்கள் போதும். பிழையின்றி எழுதத்தான் நாளாகும். ல, ள, ழ மூன்றும் அவளைப் படுத்தத்தான் செய்யும். மார்ச் கடைசியில் வருவதால் ஜூனில் பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது, ஆனாலும் அதுவரை காத்திராமல் இன்றே ஷார்ஜாவில் தொடங்குங்கள். பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் அவள் தன் கையாலேயே தமிழில் எழுதட்டும். பாட்டி அதைத் திருத்தி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பட்டும்.