ஸ்பிரே அடித்தும் போகாத கரப்பான், கதவு நிலையைத் தின்னும் கரையான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சமையலறை முழுக்கச் சின்னச் சின்னக் கரப்பான்கள். மாதம் ஒரு ஸ்பிரே டப்பா காலியாகிறது. அடித்த அன்று கூட்டமாகச் செத்துக் கிடக்கும்; கொஞ்ச நாளில் பழையபடி வந்துவிடும். வேறு வழி உண்டா? (வாசகி, மதுரை)

அரை அங்குலத்தைப் பெரிதாகத் தாண்டாமல், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து ஏறி வருகிற பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு இனம். தரை ஜாலியைச் சரியாக மூடினாலே அதன் தொல்லை பாதி குறைந்துவிடும். சின்னதோ உங்கள் சமையலறைக்குள்ளேயே பிறந்து வளர்கிறது. முப்பது, நாற்பது முட்டைகள் கொண்ட பையைப் பெண் கரப்பான் வயிற்றோடு சுமந்து திரிந்து, பொரிக்கும் தறுவாயில்தான் கழற்றிப் போடும். ஸ்பிரே தாயைக் கொல்லும், பைக்குள் இருக்கும் முட்டைகளைத் தொடாது. சந்துக்குள் இருப்பவை நெடி பட்டதும் அடுத்த அறைக்குக் குடிபோய்விடும். டப்பா காலியாவதற்கும் கரப்பான் குறையாததற்கும் காரணம் இதுதான்.

ஸ்பிரேயை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கு மாறுங்கள். கரப்பான் தின்று சாகிற இரை அது; இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து 2.15% கலந்த ஜெல் ஊசிக்குழலில் கிடைக்கும். அதற்கு முன் ஒரு இரவு விளக்கை அணைத்து, அரை மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ அங்கேதான் கூடு. பெரும்பாலும் அலமாரிக் கீல், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் பக்கம், மிக்ஸியின் அடிப்பாகம், சிங்க்குக்குக் கீழ் குழாய் நுழையும் ஓட்டை. அந்த இடங்களில் அரிசி மணி அளவுக்குப் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஒரே இடத்தில் பட்டாணி அளவு பிதுக்கினால் மேல்புறம் காய்ந்து வீணாகும். சாதாரணச் சமையலறைக்கு இருபது, முப்பது புள்ளிகள் போதும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். ஜெல் வைத்த இடத்திலேயே ஃபினாயிலோ ஸ்பிரேயோ பட்டால் கரப்பான் அதை வாயில் வைக்காது. அடுப்புக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் கிடந்தால் ஜெல்லைத் தேடி வரவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. மூன்றாவது வாரம் மறுபடி வைக்க மறக்காதீர்கள். அப்போதுதான் புதிதாகப் பொரித்தவை மாட்டும். மளிகை வந்த அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பாத்ரூம் சுவரில் குட்டியாக, ரோமத்தோடு, இதய வடிவில் பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. பிளீச்சிங் போட்டும் போகவில்லை. (சேலம்)

அது சாக்கடை ஈ. குழாயின் உள்சுவரில் படிந்த வழுவழுப்புக்குள் அதன் புழு இருக்கிறது. ஊற்றுகிற பிளீச்சிங் தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஜாலியைக் கழற்றி, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து எடுங்கள். எந்த ஓட்டை என்று தெரியாவிட்டால் இரவில் ஒவ்வொன்றின் மேலும் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் கீழாக, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருப்பதுதான் குற்றவாளி.

தேக்கு நிலையின் அடியில் மண் கோடு ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெய் தடவினோம். இப்போது அடுத்த அறை நிலையிலும் வந்துவிட்டது. (தஞ்சாவூர்)

மண்ணெண்ணெய் பட்ட இடத்தை விட்டுவிட்டுக் கரையான் வேறு வழி பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். ராணியும் கூட்டமும் தரைக்கு அடியில், மண்ணில் இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது அவை வந்துபோகும் சுரங்கப்பாதை.

முதலில் அந்தக் கோட்டை நடுவில் இரண்டு விரற்கடை அளவு உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். மறுபடி பூசி அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. நிலையை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடம் வரை தின்றுவிட்டது என்று கணக்கு.

சரியான வைத்தியம் மண்ணுக்குத்தான். சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட வேண்டும். 30.5% இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலந்து, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் என்ற கணக்கில் செலுத்தி, வெள்ளை சிமென்டால் அடைப்பார்கள். நிலைக்கட்டையில் தனியாக 15 செ.மீ. இடைவெளியில் கீழ்நோக்கிச் சரிவாகத் துளையிட்டு, எண்ணெயில் கலந்த மருந்தை விட வேண்டும். ஆள் வந்தால் நீங்கள் கூடவே நின்று பார்க்க வேண்டியது துளையின் ஆழம். டைல்ஸையும் கான்கிரீட்டையும் தாண்டி மண்ணைத் தொட்டால்தான் மருந்து போய்ச் சேரும். இரண்டு அங்குலத்தில் நிறுத்திவிட்டு மருந்து விட்டால் அது கான்கிரீட்டுக்குள்ளேயே தேங்கி நிற்கும். ஆறு மாதத்தில் அதே நிலையில் அதே கோடு. சுவரின் உள்பக்கம் மட்டும் போட்டுவிட்டு வெளிப்பக்கத்தை விடுவதும் வேலைக்காகாது. கிணறோ போர்வெல்லோ அருகில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கம் மருந்து விடக் கூடாது. சுவரில் ஈரக்கசிவு இருந்தால் அதை நிறுத்தாமல் இத்தனையும் செய்வது பணத்துக்குக் கேடு.

அரிசியில் வண்டு வராமலிருக்க போரிக் பவுடர் கலந்து வைக்கலாமா? பயறுக்கு என்ன செய்வது? (திருநெல்வேலி)

வேண்டாம். கழுவினால் போய்விடும் என்று நம்பிச் சாப்பாட்டுப் பொருளில் கலக்கிற பொடி அல்ல அது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடுகிறது. அதனால்தான் சலித்துச் சுத்தமாக வைத்த அரிசியிலும் ஒரு மாதத்தில் வண்டு ஊர்கிறது. வசம்பும் காய்ந்த மிளகாயும் வெளியிலிருந்து வருவதைத் தயங்க வைக்கும், உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. சின்ன அளவென்றால் ஃபிரீஸரில் நான்கு நாள் வைத்து எடுங்கள். மூட்டையாக வாங்குபவர்கள் பழைய அரிசி மிச்சத்தின்மேல் புதியதைக் கொட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம். வண்டு காற்றோட்டத்தைத் தேடிப் போகிற குணமுள்ளது. இதை வைத்து, துளைகள் போட்ட குழாய்ப்பொறி ஒன்றைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்திருக்கிறது. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகினால் துளை வழியே நுழைந்து அடியில் விழுந்துவிடும்.

முழுப்பயறில் முட்டை வெளித்தோலின் மேல் இருக்கும். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறினால் முட்டை மூச்சடைத்து வீணாகும். உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு.

லாஃப்ட்டில் எலி ஓடுகிறது. கடையில் பேஸ்ட் தருகிறார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடு. (செங்கல்பட்டு)

பேஸ்ட் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. உடலுக்குள் போனால் முதலில் வாந்தி, பிறகு ஓரிரு நாள் தேறியதுபோல் தோன்றும், அதற்குப் பின் கல்லீரல் செயலிழக்கும். விஷத்தை முறிக்கும் மருந்தும் கிடையாது. யார் தின்றாலும் "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னை குன்றத்தூரில் 2024 நவம்பரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்ததை நினைவில் வையுங்கள். மூடிய அறைக்குள் எந்த எலி விஷமும் கூடாது.

பொறி வையுங்கள். எலி புதுப்பொருளைக் கண்டு ஒதுங்கும். முதல் இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் தேங்காய்ச் சில்லோ கருவாடோ மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுவரோரமாகத்தான் ஓடும் என்பதால் இரைப்பக்கம் சுவரைப் பார்க்க இருக்கட்டும். ஏசி குழாய் நுழையும் ஓட்டையில் கம்பிவலையைத் திணித்து சிமென்ட் பூசுங்கள். அரை அங்குலச் சந்து போதும் அதற்கு. மாடியைத் தொடுகிற மரக்கிளையை வெட்டாவிட்டால் பொறியில் ஒன்று மாட்ட, இன்னொன்று வந்துகொண்டே இருக்கும்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் அரிப்பு. (ஈரோடு)

மழைக்காலத்தில் இவை அடிமரத்தில் கும்பலாகச் சேரும். அதுதான் நமக்கு வசதியான நேரம். மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, கும்பலின் மேல் நனைய நனைய அடியுங்கள். முழுக்கைச் சட்டை போட்டு, காற்றுக்கு எதிரே நிற்காமல் அடிக்க வேண்டும். விளக்குமாற்றால் தட்டிவிட்டால் ரோமம் பறந்து, கொடியில் காயும் துணியெல்லாம் ஒட்டும். உங்கள் வீட்டு அரிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தோலில் பட்ட இடத்தைச் சொறியாமல், செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டு அலசி, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.