இறுதி நாள் வாசலில் எரிந்த சிவப்பு விளக்கு: டிக்கட் பணத்தை ஏஜென்சியிடம் கேட்கலாமா?

கேள்வி: கொட்டகலையில் பாடசாலை வேன் ஓட்டுகிறேன். மகளுக்கு வயது 16. பாடசாலை பட்மின்டன் அணியில் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறாள். கடந்த ஜனவரியில் கோலாலம்பூரில் நடந்த மலேசிய ஓபன் போட்டியைப் பார்க்க, ஹட்டன் டவுனில் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடை மூலமாகக் கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 330,000 ரூபா காசாகக் கட்டினேன். விமான டிக்கட், திங்கள் காலை வரை ஹோட்டல், அரையிறுதிக்கும் இறுதிக்கும் நுழைவு டிக்கட் என்று நோட்டீஸில் இருந்தது. மகளுக்குப் பிடித்த வீராங்கனையின் படத்தைப் போட்டு, "இறுதிப் போட்டியில் நேரில் பாருங்கள்" என்றும் அடித்திருந்தார்கள். சனிக்கிழமை உள்ளே போனோம். ஞாயிற்றுக்கிழமை, வட்ஸ்அப்பில் அனுப்பிய கியூஆர் டிக்கட்டை வாசலில் காட்டியபோது மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த டிக்கட்டில் ஏற்கெனவே ஆள் போய்விட்டது என்றார்கள். புக்கிட் ஜலீல் ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில்தான் இறுதியாட்டத்தைப் பார்த்தோம். அந்த வீராங்கனையும் இறுதிக்கு வரவில்லை. ஏஜென்சியைக் கேட்டால், "நடந்தது மலேசியாவில், இங்கே ஒன்றும் செய்ய முடியாது, பணம் திரும்பத் தரமாட்டோம் என்ற பாரத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், காசு வாங்கியதும் நாங்கள் இல்லை, அந்தக் கடைக்காரர்" என்கிறார்கள். எனக்கு வழி உண்டா? ஆகஸ்டில் டெல்லியில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பைப் பார்க்க வேண்டும் என்று மகள் இன்னும் கேட்கிறாள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உள்ளே ஆட்டம் நடக்க, வெளியே படிக்கட்டில் பிள்ளைக்குப் போனில் காட்டினேன் என்று எழுதிய இடத்தில் மனம் கனத்துப் போனது. நம் பக்கத்தில் ஒரு பிள்ளை பட்மின்டன் பழகுவது லேசான காரியமல்ல. வெளியே வலை கட்டினால் காற்று பந்தைத் தூக்கித் தேயிலைக்குள் போட்டுவிடும். ஏதாவது மண்டபம் கிடைக்கிற நாளில்தான் ஒழுங்காக ஆடலாம். அப்படிப் பழகிய பிள்ளைக்கு அந்த இறுதி நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வழி உண்டு. ஆனால் நாள் குறைவு.

அதனால் நாளைப் பற்றியே முதலில் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு சேவையைப் பற்றிய முறைப்பாட்டை அந்தச் சேவை வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இறுதி நாள் ஜனவரி 11. ஏப்ரல் 11 சனிக்கிழமை, அதற்குப் பின்னால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. ஆகவே ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமையைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் பலர் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, முறைப்பாடு கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். சட்டம் கேட்பது எழுத்தை. நுவரெலியா மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபை உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை விழுந்த தாள் இல்லாமல், "நேரத்துக்குள் கொடுத்தேன்" என்று பிறகு நிரூபிக்க முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஏஜென்சி சொன்னவற்றை எடுத்துக்கொள்வோம்.

நடந்தது மலேசியாவில் என்கிறார்கள். கதவு மூடப்பட்டது மலேசியாவில்தான். ஆனால் பேச்சு நடந்தது ஹட்டனில், காசு கைமாறியது ஹட்டனில், டிக்கட் என்று சொல்லி அந்தப் படம் வந்து சேர்ந்தது இலங்கையில் இருந்த உங்கள் போனுக்கு. ஒப்பந்தம் உங்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையில். போட்டியை நடத்தியவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒப்பந்தமே இல்லை. ஆகவே இங்கேதான் கேட்க வேண்டும், இங்கேயே கேட்கலாம்.

கையெழுத்து வைத்த பாரம் கொஞ்சம் கனமான விஷயம். ஆங்கிலத்தில் இருந்தது, விளங்காமல் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்காமல் வைத்த கையெழுத்தும் கையெழுத்துத்தான். நீதிமன்றம் அதை எளிதில் ஒதுக்காது. ஆனால் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தான் அச்சடித்து வைத்த பாரத்தைக் காட்டி, தான் செய்யாத வேலைக்கும் பொறுப்பில்லை என்று ஒரு வியாபாரி சொன்னால், அந்த நிபந்தனை நியாயமானதா என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நீங்கள் பயணத்தை ரத்துச் செய்திருந்தால் "பணம் திரும்பத் தரமாட்டோம்" என்பதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். உள்ளே விடாத டிக்கட்டைக் கொடுத்துவிட்டு அதையே சொல்வது வேறு கதை.

மூன்றாவது, காசு வாங்கியது கடைக்காரர் என்பது. நீங்கள் அனுப்பிய பிரதிகளில் எனக்கு மிகவும் பெறுமதியாகப் பட்டது ஒரு சின்ன வட்ஸ்அப் செய்தி. நவம்பரில் ஏஜென்சியின் இலக்கத்திலிருந்து வந்தது: "பணத்தை ஹட்டன் அண்ணன்கிட்ட கட்டிருங்க, அவர் நம்ம ஆள்தான்." இந்த ஒரு வரி போதும். ஒருவரைத் தன் ஆள் என்று காட்டி, அவரிடம் காசு கொடுக்கச் சொன்னவர், பிறகு அவரை யாரென்றே தெரியாது என்று சொல்ல முகவர் சட்டம் விடாது. நோட்டீஸின் அடியிலும் அந்தக் கடையின் போன் இலக்கம் இருக்கிறது. கடைக்காரர் பில் புத்தகத்தில் எழுதித் தந்த துண்டில் முத்திரை இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். தொகையும் திகதியும் கையெழுத்தும் இருக்கின்றனவே, அது நல்ல சாட்சி. கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவேளை அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். நாளை உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அந்தச் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, போனில் இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், தொடக்கத்திலிருந்து முடிவு வரை இலக்கம் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

வீராங்கனை வராததைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பணம் கிடைக்காது. செவ்வாயில் தொடங்கி ஞாயிறு வரை தோற்றவர் வெளியேறிக்கொண்டே போகும் போட்டி இது. யார் இறுதிக்கு வருவார் என்று டிக்கட் விற்கிற நாளில் ஒருவருக்கும் தெரியாது. மலேசிய வீரர் லீ சொங் வெய் மலேசிய ஓபனை 12 தடவை வென்றவர். அவர் காலத்தில்கூட, அவர் இறுதிக்கு வருவார் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. காயம் வரும், விலகுவார்கள், முதல் சுற்றிலேயே தோற்பார்கள். அது விளையாட்டின் இயல்பு, அதற்கு ஏஜென்சி பொறுப்பில்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நோட்டீஸில் அடித்து ஆள் பிடித்தார்களே, அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. நுகர்வோரை மயக்கித் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே முறைப்பாட்டில் "அவர் ஆடவில்லை, பணத்தைத் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். "யாராலும் கொடுக்க முடியாத வாக்கை நோட்டீஸில் கொடுத்தார்கள்" என்று எழுதி, நோட்டீஸை இணையுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு வருகிறேன். உங்கள் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது அதில்தான் இருக்கிறது. கியூஆர் சதுரத்துக்குக் கீழே ஒரு நீளமான இலக்கம் இருக்கும். உங்களுக்கும் மகளுக்கும் வந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து அந்த இலக்கங்களைப் பாருங்கள். உங்கள் குழுவில் 11 பேர் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் முடிந்தவரை எல்லோரிடமும் கேட்டு அவர்களுடைய படங்களையும் வாங்குங்கள். ஒரே இலக்கம் இரண்டு பேரிடம் இருந்தால், ஒரு டிக்கட்டை வாங்கிப் படம் பிடித்துப் பலருக்கு விற்றிருக்கிறார்கள் என்று பொருள். முதலில் வாசலுக்கு வந்தவர் உள்ளே போவார், அடுத்தவருக்குச் சிவப்பு விளக்கு. கூடவே, போட்டியின் அதிகாரபூர்வ டிக்கட் விற்பனையாளருக்கு அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இது உண்மையான டிக்கட்டா, எத்தனை மணிக்கு வாசிக்கப்பட்டது என்று. ஆங்கிலத்தில் மகளே எழுதிவிடுவாள். பதில் வந்தால் அதைவிடப் பலமான சாட்சி இல்லை.

ஒரே இலக்கம் பலரிடம் இருந்தால் இது சாதாரண ஒப்பந்த மீறல் இல்லை. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு காசு வாங்கியிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 398, 403ஆம் பிரிவுகளின் கீழ் அது மோசடிக் குற்றம். ஹட்டன் பொலிஸில் முறையிடலாம். இலக்கங்கள் வேறு வேறாக இருந்து, ஏஜென்சியும் வேறு யாரிடமோ வாங்கி ஏமாந்திருந்தால் பொலிஸுக்குப் போய்ப் பயனில்லை. வாக்கைக் காப்பாற்றாததற்கான சிவில் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் எடுத்த எடுப்பில் பொலிஸுக்குப் போய், "இது காசுப் பிரச்சினை, பேசித் தீருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டு மனம் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர்.

பொலிஸுக்குப் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நம்மவர்கள் தமிழில் சொல்ல, உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுத, கடைசியில் "இந்த இடத்தில் கையெழுத்து வைங்க" என்பார்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால், தமிழில் நீங்களே எழுதிக் கொண்டுபோன கடிதத்தை முறைப்பாட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். "டிக்கட் தரவில்லை" என்பதற்கும் "பொய் டிக்கட் தந்தார்கள்" என்பதற்கும் வழக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எவ்வளவு கேட்பது? 330,000 ரூபாவையும் திரும்பக் கேட்க வேண்டும் என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்காதீர்கள். விமானத்தில் போனீர்கள், ஹோட்டலில் தங்கினீர்கள், அரையிறுதியைப் பார்த்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டால் உண்மையான நட்டமும் எடுபடாமல் போய்விடும். இறுதி நாள் டிக்கட் இரண்டின் விலை, இறுதியாட்டத்துக்காகவே தங்கிய ஞாயிறு இரவு அறைச் செலவு, அன்றைய போக்குவரத்து, இவற்றைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். பிள்ளையின் ஏமாற்றத்துக்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்று உங்களைப் போலவே எனக்கும் மனம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் மீறப்பட்டால் நம் சட்டம் பெரும்பாலும் காசு நட்டத்தைத்தான் பார்க்கும். அதில் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தத் தொகையைக் குறிப்பிட்டு, 14 நாள் தவணை கொடுத்து, ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதிலுக்காகக் காத்திருந்து அதிகாரசபை முறைப்பாட்டைப் பிந்தவிடாதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும். விசாரணைக்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. அது சரிவராவிட்டால், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணங்க வைக்கப் பார்க்கும் மத்தியஸ்த சபை. இந்த அளவுத் தொகைக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கே போகாமல் நேரே வழக்குப் போட முடியாது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து வழக்குக்குப் போகலாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுதாததற்கு மூன்று வருடம் காலவரையறை இருப்பதால் வழக்குக்கு அவசரமில்லை. வழக்குச் செலவுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள்.

டெல்லிக்குப் போங்கள். ஒரு ஏஜென்சி செய்த பிழைக்காகப் பிள்ளையின் ஆசையை நிறுத்த வேண்டியதில்லை. விமானத்தையும் ஹோட்டலையும் வேண்டுமானால் ஏஜெண்டிடம் எடுங்கள். அவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்று முதலில் பாருங்கள். நுழைவு டிக்கட்டை மட்டும் அதிகாரபூர்வ தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே எடுங்கள். யாராவது கியூஆர் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மகளுக்கு ஒரு வேலை. வாசலில் என்ன நடந்தது, எத்தனை மணி, காவலர் என்ன சொன்னார், எந்தக் கதவு என்பதையெல்லாம் அவள் கையாலேயே எழுதித் திகதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு விளக்கைப் பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி அவள்.