நாலரை ஏக்கர் ஒயின் – கடிதம்

அன்புள்ள சார்,

ஏலங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரெஞ்சு ஒயின் ஒரு பாட்டில் நான்கு கோடி ரூபாய்க்குப் போனதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். ரொமானே-கோன்தி என்ற தோட்டமாம், மொத்தமே நாலரை ஏக்கராம். பாதையைத் தாண்டினால் அடுத்த தோட்டம், அதே ரகத் திராட்சை, விலை மட்டும் பல மடங்கு குறைவு. என் மாமனாருக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி என்று சொன்னால் சிரிப்பார். பணக்காரர்களின் பகட்டு என்பதைத் தாண்டி இதில் ஏதாவது இருக்கிறதா? நீங்கள் அதைக் குடித்திருக்கிறீர்களா?

கே.

அன்புள்ள கே.,

குடித்ததில்லை. குடிக்கிற வாய்ப்பு வரும் என்றும் தோன்றவில்லை. அந்த ஒயினை எழுதித் தீர்த்தவர்களில் பாதிப் பேராவது என் நிலைமையில்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

விலையையும் ருசியையும் தனித்தனியாகப் பார்ப்போம். 2018 அக்டோபரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் அந்த பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. ஏலக்காரர்களே அதிகபட்சம் 32,000 டாலர் என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். அது 1945-ஆம் ஆண்டு ஒயின். அந்த வருடம் எடுத்ததே 600 பாட்டில். போர் முடிந்த வருடம், பழைய கொடிகளின் கடைசி அறுவடை. வந்ததோ ராபர்ட் த்ரூவான் என்பவரின் சொந்த நிலவறையிலிருந்து, ரொமானே-கோன்தி இருக்கும் பர்கண்டி என்ற பிரெஞ்சுப் பகுதியின் ஒயின் வணிகர் அவர், ஆகவே போலி என்ற பயம் இல்லை. வாங்கியவர் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார். எழுபது வருடம் கிடந்த ஒயின் திறந்தால் எப்படி இருக்கும் என்பது அவருக்கே முக்கியமாக இருந்திருக்காது. இந்த விலையைப் பகட்டு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் வரப்புக் கேள்வி வேறு. அதைச் சிரித்துத் தள்ள முடியாது.

பர்கண்டியில் டிஜோன் நகருக்குத் தெற்கே, கிழக்கு பார்த்த நீளமான சரிவு ஒன்று இருக்கிறது, கோத் த நுயி என்று பெயர். உச்சியில் மண் மெலிந்து பாறை தலைகாட்டும். அடிவாரத்தில் மேலிருந்து அரித்து வந்த மண் தடிமனாகச் சேர்ந்து ஈரம் தங்கும். நடுச்சரிவில் சுண்ணாம்புக்கல், அதன்மேல் அளவான களிமண், தேங்காத தண்ணீர், காலையிலிருந்தே வெயில். அங்கே போடுவது பினோ நுவார். மெல்லிய தோல் கொண்ட ரகம். ஈரம் மிஞ்சினால் அழுகும், சூடு மிஞ்சினால் வாசனை போய்விடும். ரொமானே-கோன்தி இருப்பது வோன்-ரொமானே என்ற சின்ன ஊருக்கு மேலே, அந்த நடுச்சரிவில். பழைய நெடுஞ்சாலைக்குக் கிழக்கே சமதளத்தில் அதே ரகம்தான் விளைகிறது, ஆனால் பெரும்பாலும் சாதாரண ஒயின். இந்த வித்தியாசத்தை உங்கள் மாமனார் ஒரே வாய் குடித்துச் சொல்லிவிடுவார், சிரிக்கமாட்டார்.

சரி, பக்கத்துத் தோட்டம்? மேலே ஒட்டினாற்போல் லா ரொமானே, இரண்டு ஏக்கர் சொச்சம். வடக்கே ரிஷ்பூர், கீழே ரொமானே-சென்-விவான், தெற்கே லா கிராண்ட் ரூ, அதற்கும் தெற்கே லா தாஷ். எல்லாமே முதல் தரம் என்று சட்டப்படி வகுத்தவை. இவற்றில் லா தாஷ் முழுவதும், ரிஷ்பூரிலும் சென்-விவானிலும் பெரும் பங்குகள், ரொமானே-கோன்தி உரிமையாளர்களுடையவைதான். ஆள், முறை, புது ஓக் பீப்பாய் எல்லாம் ஒன்று. அப்படியும் குடித்துப் பழகியவர்கள் ரிஷ்பூர் அடர்த்தியானது, கோன்தி மென்மையானது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நிலம் மட்டும்தானே மாறுகிறது, அதனால் இதை நான் நம்புகிறேன். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கக் கொடியும் அந்தப் பக்கக் கொடியும் ஒரே மீட்டரில் வேறு ருசி தரும் என்பதை மட்டும் நம்பவில்லை. நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். ஓரிடத்தில் கோடு போட்டது மனிதர்கள்.

அந்தக் கோட்டை விடாமல் காப்பாற்றியதுதான் எனக்கு இதில் ஆச்சரியம்.

பிரான்சின் இன்னொரு பெரிய ஒயின் பகுதியான போர்தோவில் நிலைமை வேறு. 1855-இல் அங்கே போட்ட தரவரிசை மாளிகைகளுக்கு உரியது, ஒயின் செய்யும் பண்ணைகளைத்தான் அங்கே மாளிகை என்பார்கள். லாஃபீத் போன்ற பெயர்பெற்ற மாளிகை அதே எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டு பழைய லேபிளிலேயே விற்கலாம். லாஃபீத் இன்று நூறு ஹெக்டேருக்கும் மேல். பர்கண்டியில் தரம் நிலத்துக்கு. எவ்வளவு கோடி கொட்டினாலும் ரொமானே-கோன்தியின் 1.8 ஹெக்டேர், அதாவது அந்த நாலரை ஏக்கர், 1.8 ஹெக்டேர்தான். அதிலும் மகசூலை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். சுமாராக மூன்று கொடிக்கு ஒரு பாட்டில். நல்ல வருடத்தில் 6,000 பாட்டில் தேறும். உங்கள் மாமனாரிடம் இதைச் சொன்னால் பைத்தியக்காரர்கள் என்பார்.

உரிமையாளர்கள் பலமுறை மாறினார்கள். இடைக்காலத்தில் சென்-விவான் மடத்துத் துறவிகள். 1631-இலிருந்து குரூனம்பூர் குடும்பம். 1760-இல் லூயி பிரான்சுவா த பூர்போன், கோன்தி இளவரசர். ராஜாவின் ஆசைநாயகி பொம்பதூரும் கண் வைத்திருந்தாள், அவளை முந்திக்கொண்டு வாங்கினார் என்று ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் விற்பனையை நிறுத்தி, விளைந்த ஒயின் முழுவதையும் தன் விருந்து மேசைக்கே எடுத்துக்கொண்டார். பிறகு புரட்சி வந்தது, தோட்டம் பறிமுதலானது. 1794-இல் ஏலம் விட்டபோதுதான் கோன்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இளவரசர்களை விரட்டிய அரசாங்கமே இளவரசர் பெயரைச் சொல்லி விலை ஏற்றியதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு.

அப்புறம் 1869-இல் துவோ-பிளோஷே என்ற வியாபாரி வாங்கினார். அவர் வாரிசுகள்தான் இன்றைய த விலேன் குடும்பம். 1942-இல் லெருவா குடும்பம் பாதிப் பங்கை வாங்கிச் சேர்ந்தது. அப்போது தோட்டத்தை ஒரு நிறுவனமாக்கினார்கள். வாரிசுகளுக்குள் பிரிவது இனி பங்குகள் மட்டும், நிலம் பிரியாது. எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது பக்கத்திலிருக்கும் க்ளோ த வூஜோவைப் பார்த்தால் புரியும். துறவிகள் ஒரே மதிலுக்குள் வளர்த்த 50 ஹெக்டேர் தோட்டம், விற்பனையிலும் பாகப்பிரிவினையிலும் துண்டாகி, இன்று ஏறத்தாழ 80 பேர் கையில். நல்லதும் உண்டு, படுசுமாரும் உண்டு, லேபிளில் பெயர் ஒன்றே.

ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் பெரும்பாலோர் கண்ட தீர்வு. ரொமானே-கோன்திக்காரர்களோ ஒட்டாத பழைய கொடிகளை விடமாட்டோம் என்று மண்ணில் கார்பன் டைசல்ஃபைடு ஊசி போட்டுப் போட்டுக் காப்பாற்றிவந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மருந்தும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 1945 அறுவடையோடு கொடிகளைப் பிடுங்கினார்கள். 1947-இல் லா தாஷிலிருந்து வெட்டிய குச்சிகளை ஒட்டி நட்டார்கள். 1952 வரை ஒயின் கிடையாது. லா தாஷ் ஒயினை ரொமானே-கோன்தி என்ற பெயரில் விற்கவில்லை, வேறெதையும் கலந்து சமாளிக்கவுமில்லை. 1946 முதல் 1951 வரையிலான ஆண்டு போட்ட ரொமானே-கோன்தி பாட்டில் யார் கையிலாவது இருந்தால் அது போலி, சோதனையே தேவையில்லை.

போலி என்றதும் ரூடி குர்னியாவான் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கப் பணக்காரர்களுக்கு வீட்டில் கலந்த சரக்கைப் பழைய பர்கண்டி என்று விற்று, 2014-இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றவர். ரொமானே-கோன்தி மேல் இருந்த மோகத்தால் அவருக்கு டாக்டர் கோன்தி என்றே பட்டப்பெயர். ஏமாந்தவர்கள் ருசி தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்! இன்னொன்று, 2010-இல் தோட்டத்தின் வரைபடத்தோடு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. பத்து லட்சம் யூரோ தராவிட்டால் கொடிகளுக்கு விஷம் வைப்பேன் என்று. இரண்டு கொடிகள் அதற்குள் செத்திருந்தன. அனுப்பியவனைப் பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் போலீஸ் பிடித்தது. நாலரை ஏக்கருக்கு இந்த விலை வந்தால் இப்படிப்பட்டவர்களும் வருவார்கள்.

வேலைமுறையில் ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவில்லை. இயற்கை விவசாயம் சரி, மண் இறுகாமலிருக்கக் குதிரை ஏர் பூட்டுவதும் சரி. நிலவின் நாள் பார்த்து வேலை செய்யும் பயோடைனமிக் முறையின் விளக்கங்களை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் செய்கிறவர்கள் கொடியருகில் நிறைய நேரம் நிற்கிறார்கள், பலன் அதனால் வருகிறது என்பது என் கட்சி.

உங்களுக்கு அந்த ஊர் ஒயின் குடித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். ரொமானே-கோன்தியைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் ஓபேர் த விலேன். பர்கண்டித் தோட்டங்கள் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்கு முன்னின்று உழைத்தவர். அவரும் மனைவியும் தெற்கே பூஸ்ரோன் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத ஊரில் எழுபதுகளில் தங்களுக்கென்று தனித் தோட்டம் போட்டார்கள். லேபிளில் அவர்கள் பெயரே இருக்கும். அங்கே அலிகோதே என்ற வெள்ளை ஒயினுக்குத்தான் பேர், பினோ நுவாரில் சிவப்பும் செய்கிறார்கள். விலை ரொமானே-கோன்தியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. பாரிஸ் பக்கம் போகிற நண்பர் யாராவது இருந்தால் அதில் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். சிவப்பைக் கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்க வேண்டும், நம் ஊர் அறைச் சூட்டில் திறந்தால் சாராய வாடைதான் முந்தி வரும்.