பாம்பனுக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரைக்குப் போய்வந்த, போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பாம்பனில் பிறந்து மண்டபத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.

முழுப்பரீட்சை லீவுக்கு ராமேஸ்வரம் போகலாம் என்றால், "கோயில்தானே, நான் வரவில்லை" என்கிறான் பதினாலு வயது மகன். ராட்டினம், ரோலர் கோஸ்டர் என்று திகிலாக ஏதாவது வேண்டுமாம். உங்கள் பக்கம் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, ஈரோடு

ரோலர் கோஸ்டர் கிடையாது. ஆனால் தம்பியைக் காரில் பாலம் தாண்டிக் கூட்டிப்போகாதீர்கள். மண்டபத்தில் இறக்கி, மதுரையிலிருந்து வருகிற பாசஞ்சரில் ஏற்றுங்கள். சன்னலோர இடம் பிடித்துக் கொடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ரயில் கடல்மேல் போகும். சன்னலுக்குக் கீழே பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் இந்த ரயிலை விடமாட்டார்கள் என்பதையும் அப்போது சொல்லுங்கள். அடுத்த நிலையமான பாம்பனில் இறங்கிக்கொள்ளலாம்.

1914-ல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போக வழிவிடும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே எழும்பும். ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைப் பார்க்க நாங்கள் ஓடுவோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் உயரத்துக்கு மோட்டாரில் ஏறுகிறது. கப்பல் வருகிற நாளில்தான் தூக்குப்பாலம் திறக்கும், தினமும் கிடையாது. பாம்பனில் எந்த டீக்கடையில் கேட்டாலும் இன்றைக்குக் கப்பல் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வேண்டுகோள்: சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னால் வருகிற பஸ்காரருக்கு ஒதுங்க இடமில்லை.

அப்புறம் தொண்டி வழியில் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற படகுச் சவாரி அங்கே இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்கு நடுவில் ஓடும் வாய்க்காலில், துடுப்பைத் தம்பி கையிலேயே கொடுத்து ஓட்டச் சொல்லலாம். ராட்டினத்தில் யாரோ சுற்றிவிடுகிறார்கள். இங்கே அவன் வலித்தால்தான் படகு நகரும். பதினாலு வயதுக்கு இதுதான் பிடிக்கும் என்பது வகுப்பறையில் நான் கண்டது. சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பு நிழல் போதும்.

தனுஷ்கோடி பார்த்துவிட்டு வந்தோம். நாலு இடிந்த சுவரும் பஜ்ஜிக் கடையும்தான் இருக்கிறது, இதற்கா இத்தனை தூரம் என்று கணவர் அலுத்துக்கொண்டார். பழைய ஊரை அப்படியே கண்முன் காட்டுகிற மாதிரி அருங்காட்சியகம் எதுவும் அங்கே இல்லையா?
– வாசகி, திருப்பூர்

எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் பார்த்தால் யாருக்கும் அது இடிந்த சுவராகத்தான் தெரியும். அந்தக் குறையை உங்கள் கணவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறுகிறவர் தனுஷ்கோடி துறையில் இறங்கி, அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறுவார். தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போவார். பாம்பன் பாலம் திறந்த 1914-லிருந்து ஐம்பது வருஷம் இப்படி நடந்தது. நீங்கள் பார்த்த சுவர்களில் ஒன்று ரயில் நிலையம், ஒன்று தபால் நிலையம், பீடத்தோடு நிற்பது மாதா கோயில். பவளப்பாறைக் கல்லை அறுத்துக் கட்டியது அது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் வரிகள் தெரியும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலுக்குள் போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், யாரும் மிஞ்சவில்லை. ஊரும் போனது. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்களைக் கடல் பிடுங்கிப் போட்டது. இளம் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பெடுத்து 46 நாளில் அதைச் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான். தனுஷ்கோடியைத் திரும்பக் கட்ட யாரும் வரவில்லை. குடியிருக்க ஏற்ற இடமில்லை என்று அரசு சொல்லிவிட்டது.

என் பெரிய அத்தை தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். தலைப்பிரசவத்துக்குப் பாம்பன் வந்திருந்த நேரத்தில் புயல் அடித்தது. மாமா அங்கே இருந்தார். அவர் உடல் கிடைக்கவில்லை. அத்தை அதன்பிறகு, தனுஷ்கோடிக்கு முன்னால் வருகிற முகுந்தராயர் சத்திரம் தாண்டிப் போனதே இல்லை. 2017-ல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்தபோது, "இப்ப எல்லாரும் போகலாமாமே" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே அங்கே போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். கோயில் பீடத்தின்மேல் ஏறி நின்று வீடியோ எடுக்காதீர்கள். சுவரில் பேர் செதுக்காதீர்கள். பஜ்ஜிக் கடை என்றீர்களே, அந்தக் கடைக்கார அம்மாவிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்து பேசியிருக்கலாம். புயலுக்குத் தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டுகிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். அவர்களை விடப் பெரிய அருங்காட்சியகம் அங்கே வேண்டாம். எழுதி வைக்கப் பலகைகளும், அந்த ஊர்ப் பிள்ளைகளையே வழிகாட்டிகளாக்கச் சம்பளமும் வேண்டும். அதை வனத்துறையோ சுற்றுலாத் துறையோ செய்தால் கும்பிடுவேன்.

போன ஆடியில் குருசடைத் தீவுக்குப் படகில் போகலாம் என்று மதுரையிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தோம். குந்துக்கல் படகுத்துறையில் "காற்று சரியில்லை, இன்றைக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மழை இல்லை. இது நியாயமா?
– வாசகர், மதுரை

முழுக்க நியாயம். உங்கள் ஏமாற்றம் புரிகிறது, ஆனாலும் படகை விடாமல் இருந்தவருக்கு நன்றி சொல்லுங்கள்.

எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வைகாசி பிற்பாதியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் இது தலைகீழாகும். குருசடை தென்கடலில் இருக்கிறது. ஆடியில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அங்கே அலையை நம்ப முடியாது. அந்த மாதத்தில் வந்தால் வடகடல் பக்கம் காரங்காடு போங்கள். குருசடைக்குத் தை, மாசி, பங்குனி நல்லது. தண்ணீரும் தெளிந்திருக்கும்.

1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளில் குருசடையும் ஒன்று. பவளமும் கடல்புல்லும் அங்கே தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. காலை வைத்து மிதித்தால் உடைந்துவிடும், வளர வருஷக்கணக்கில் ஆகும். படகுக்காரர் இறங்காதே என்றால் இறங்க வேண்டாம்.

ராமநாதபுரம் ஊருக்குள் பார்க்க ஏதாவது உண்டா, நேராக ராமேஸ்வரம் போய்விடலாமா?
– வாசகர், சேலம்

ராமலிங்க விலாசத்தைப் பார்க்காமல் போனால் எனக்கு மனசு வலிக்கும். கிழவன் சேதுபதி காலத்தில், பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் எழும்பிய அரண்மனை. இப்போது தொல்லியல் துறை பராமரிக்கிறது. சுவர், தூண், விதானம் என்று எங்கும் ஓவியம். ராமாயணமும் கிருஷ்ணன் கதையும் ஒரு பக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இன்னொரு பக்கம், பீரங்கி, குதிரை, ஈட்டி என்று. தொப்பி வைத்த ஐரோப்பியர்களைச் சேதுபதி சபையில் வரவேற்கும் காட்சி ஒன்று இருக்கிறது, அதன்முன் நின்று நிதானமாகப் பாருங்கள். முத்துக் குளித்த கடலும் சங்கெடுத்த கடலும் இந்த மன்னர்கள் கையில் இருந்ததால்தான் அந்தத் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். என் மாணவர்களை அந்தச் சுவர்முன் நிறுத்தித்தான் வரலாற்றுப் பாடம் நடத்துவேன். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், நிறம் ஏற்கெனவே மங்கிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. கடல் பக்கத்தில் அவருக்கு ஏற்ற இடம்?
– வாசகி, கும்பகோணம்

தேவிபட்டினம். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம் (நவக்கிரகக் கற்கள்) வரை நடைபாலம் போட்டிருக்கிறார்கள், மெதுவாகப் போய்வரலாம். பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடமும் சமதளம்தான். மசூதித் தெருவில் அவர் வீடும் பார்க்க வேண்டியது, ஆனால் மாடிப்படி ஏற வேண்டும். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டாம், ஈரத்தில் கல்தரை வழுக்கும். மூன்றாம் பிரகாரத்தில் ஒரு ஓரமாக உட்கார வையுங்கள்.

திரும்பி வரும்போது என்ன வாங்கலாம்?
– வாசகர், சென்னை

கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பு வாங்குங்கள். கையில் எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருப்பதுதான் நல்ல தொதல். தை மாதம் என்றால் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, எல்லா மாதமும் கருப்பட்டி. சங்குமாலை, சோழி விற்பது தனுஷ்கோடிப் பெண்களுக்குப் பிழைப்பு, பேரம் பேசாமல் வாங்குங்கள். ஆனால் பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை யாராவது ஒளித்து வைத்துக் காட்டினால் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், பையில் வைத்திருக்கிற நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். கருவாடு வேண்டுமானால் பாம்பனில் காலையில் வாங்குங்கள், நன்றாகக் காய்ந்ததா என்று உடைத்துப் பார்த்து.