அகல ஸ்கீ எல்லாப் பனிக்கும் ஆகுமா?

கேள்வி: அண்ணா, ஐந்து வருடமாக நடுப்பகுதி 76 மில்லிமீட்டர் அகலமான ஸ்கீயில் பிஸ்டேயில் (இயந்திரத்தால் சமன்படுத்திய பனிப்பாதையில்) ஓடுகிறேன். போன கிழமை, நடுப்பகுதி 108 மில்லிமீட்டர் அகலமான ஃப்ரீரைட் (பிஸ்டேக்கு வெளியே ஓடும்) ஸ்கீ ஒன்றைக் கழிவு விலையில் வாங்கினேன். 'எல்லாப் பனிக்கும் இது ஒன்றே போதும்' என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– சூரிச் வாசகர்

பதில்: வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள், சரி. பழைய 76ஐ மட்டும் விற்றுவிடாதீர்கள், தம்பி.

ஆண்டர்மாட்டில் ஒரு ஸ்கீ பட்டறையில் 14 குளிர்காலமாக விளிம்பு தீட்டி, மெழுகு பூசுகிறவன் நான். என்னுடையதும் 106தான். எங்கள் ஊர் மலை கெம்ஸ்ஸ்டொக்கின் உச்சி 2,961 மீட்டர், ஊர் ஏறத்தாழ 1,440. ஒரே இறக்கத்தில் நாலைந்து விதப் பனி காலுக்குக் கீழே வரும்.

முழங்காலளவு புதுப்பனியில் எந்த அகல ஸ்கீயும் நல்ல ஸ்கீதான். பரப்பு கூட, அதனால் மிதக்கும். மேல்நோக்கி வளைந்த முனை தானாக எழும்பும். பின்னால் சாய்ந்து தொடை எரிய நிற்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல வெயில் நாளில் அந்தப் பனி காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கிடைப்பது மற்றவர்கள் உழுதுவிட்டுப் போன பனி.

உங்கள் ஸ்கீயைச் சோதிக்க வேண்டியது அங்கேதான். கடையில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து 'பாரமே இல்லை' என்று சந்தோஷப்படுவோம். மலை ஏற அது நல்லது. இறங்கும்போது ஒவ்வொரு கட்டியிலும் துள்ளும். ஒற்றை ஸ்கீ இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் கட்டிகளை உடைத்துக்கொண்டு போகும். வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஓட்டுப்பனி. ஃபோன் என்றொரு சூடான தெற்குக் காற்று இங்கே வீசும். (தொலைபேசி இல்லை, தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இந்த ஊரில் அதே பெயர்தான்.) அது போன பின் குளிர்ந்தால், பனியின் மேல் ஓடு கட்டும். ஓடு தாங்கினால் அகல ஸ்கீ மேலேயே ஓடும். பாதியில் உடைந்தால் மாட்டிக்கொள்ளும். போன மாசியில் எனக்கு ஒரு ஸ்கீ மேலே, மற்றது உள்ளே. இரண்டு கிழமை முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன். அந்த இடத்தில் இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து, பெரிய திருப்பமாக எடுங்கள்.

கடும் பிஸ்டேயில்தான் கடைக்காரரின் பேச்சு பொய்க்கும். 76இல் பூட்ஸின் நடுவிலிருந்து விளிம்பு 38 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது, இப்போது 54. அந்த 16 மில்லிமீட்டரைச் சுமப்பது உங்கள் கணுக்காலும் முழங்காலும். கெம்ஸ்ஸ்டொக்கில் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸியின் பெயரில் ஒரு பாதை உண்டு – 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் டவுன்ஹில் (அதிவேக இறக்கப் பந்தயம்) தங்கம் வென்ற ஆண்டர்மாட்காரர். விடிய இறுகிக் கிடக்கும்போது அதில் 108ஐச் சாய்க்க முயன்றால் பல்லெல்லாம் அதிரும். விளிம்பைத் தீட்டினால் பிடி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வசந்தத்தில் வெயிலுக்கு இளகிய பனியில் மறுபடி இதுதான் ராசா. ஈரம் மிஞ்சினால் மட்டும் அகலமான அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும். அதற்கேற்ற மெழுகு போடுங்கள்.

பழைய பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயில் பூட்டும் கருவியை) கழற்றி இதில் பூட்ட எண்ணமா? பிரேக் கம்பிகளின் அகலத்தை முதலில் அளவுங்கள். 108ஐத் தாண்டாத பிரேக் கீழே இறங்காது. பிஸ்டேக்கு வெளியே போவதானால், டாவோஸ் பனி ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி, கூட ஒரு ஆள் – இவை இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) அகல ஸ்கீதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாடகைக்கு எடுக்கலாமா?
– பேர்ன் வாசகி

பதில்: வேண்டாம் அக்கா. லாகரில் நாள் முழுக்க பிஸ்டேதான். 70 சொச்சம் அகலம், நாடி (முகவாய்) உயரம் போதும். நிறம் மட்டும் அவளே தெரிவு செய்யட்டும்.