நத்தைக் கறியை எவ்வளவு வேகவைத்தால் ஈயம் போகும்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். எனக்கு மூலத்தில் ரத்தப்போக்கு இருப்பதால் மாமியார் வாரம் இருமுறை நத்தைக் கறி சமைத்துத் தருகிறார். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் நண்டு ரசம். இரண்டும் ஏரி, வாய்க்காலில் பிடித்து விற்பவரிடம் வாங்குபவை. அந்தத் தண்ணீரில் சாயக் கழிவு கலப்பதாகச் சொல்கிறார்கள். மஞ்சள் போட்டு நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடாதா?

பதில்: போகாது. வேகவைத்தால் கிருமி சாகும், நண்டிலும் நத்தையிலும் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும்; அதற்காக நன்றாக வேகவைக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் அஞ்சும் நஞ்சு வேறு: ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள். அவை தனிமங்கள், சூட்டில் சிதையாதவை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அப்படியேதான் இருக்கும். மஞ்சள் வாடையைப் போக்கும், அவ்வளவுதான்.

நத்தை சேற்றையும் பாசியையும் மேய்ந்து வளர்வது. கன உலோகங்கள் அதிகம் படிவதும் சேற்றில்தான். எனவே எங்கே பிடித்தது என்பதே முதல் கேள்வி. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் புகுந்து வெளியேறுகிறது. ஊருக்கு மேலே பிடித்த நத்தையும் ஊரைத் தாண்டிப் பிடித்ததும் ஒன்றல்ல. மூக்கை நம்பாதீர்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவின் நாற்றம் பெரும்பாலும் மாவு புளித்த நாற்றம். உலோகம் கலந்த தண்ணீருக்கு வாடையே இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது, எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறீர்கள் என்பது. நத்தையைக் கொதிநீரில் போட்டு ஊசியால் இழுத்தால் முதலில் கெட்டியான சதை வரும். அதன் பின்னால் சுருள் சுருளாக, கரும்பச்சையாக மெத்தென்று ஒரு வால் வரும். குடலும் செரிமானச் சுரப்பியும் அதில்தான் இருக்கின்றன. காட்மியம் சேர்வதும் அங்கேதான். அதை முழுவதும் கிள்ளி எறிந்துவிடுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைப்பதால் குடலில் உள்ள சேறு வெளியேறும். சதையோடு சேர்ந்துவிட்ட உலோகம் வெளியேறாது.

நண்டு ரசத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஓட்டைத் திறந்தால் தெரியும் மஞ்சள் கலந்த பழுப்புக் கூழ் நண்டின் செரிமானச் சுரப்பி. ருசியே அதில்தான் என்று அம்மியில் வைத்து முழு நண்டாக இடித்துக் கொதிக்கவிடுகிறோம். கொதிக்கும்போது அதிலிருக்கும் காட்மியம் சாற்றில் இறங்குகிறது. அந்தச் சாறுதான் பிள்ளையின் டம்ளருக்குப் போகிறது. மேலோட்டை நீக்கி, கூழை வழித்தெறிந்து, கழுவிய பிறகு காலையும் உடல் சதையையும் மட்டும் இடியுங்கள். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஒரு வேளை சாப்பாட்டால் ஒன்றும் ஆகிவிடாது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிட்டால் பாதியளவு வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்பதுதான் சிக்கல். அதனால்தான் சர்வதேச நிபுணர் குழு நாள் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் வரம்பு வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 50 கிலோ எடை உள்ளவருக்கு மாதம் 1.25 மில்லிகிராம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ரத்தப்போக்கால் இரும்புச்சத்து குறைந்த உடல், காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். வாரம் இருமுறை என்பதை நிறுத்துங்கள். தண்ணீர் எதுவென்று உறுதியாகத் தெரிந்தால் எப்போதாவது ஒருமுறை போதும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதுவும் வேண்டாம். ரத்தப்போக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கன உலோகச் சோதனை வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உணவு விதிமுறைக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப் போவதாக விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அப்படிச் சொன்னதும், எந்த ஏரியில் பிடித்தது என்ற உண்மை அவர் வாயிலிருந்தே வந்துவிடுவதும் உண்டு.