கச்சானில் முடிவெடுக்க வேண்டாம், மகள்

கேள்வி: அம்மா, என் ஊர் நானுஓயா பக்கம். கணவருக்கு வங்கியில் இடமாற்றம் கிடைத்து ஆனி மாதம் திருகோணமலைக்கு வந்தோம். உப்புவெளியில் வாடகை வீடு. மூத்தவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்கு ஏழு மாதம். வெக்கை தாங்க முடியவில்லை. சின்னவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறோம். பக்கத்து வீட்டு உம்மா ஒருநாள் "கச்சான் அடிக்குது, பிள்ளைய வெளிய விடாத" என்றார். மகள், நிலக்கடலைக் கச்சான் என்று நினைத்து, கச்சான் கொட்டை எங்கே என்று வாசலெல்லாம் தேடினாள். அவர் சிரித்துவிட்டார், எனக்கு அழுகை வந்தது. கடையில் வாய் திறந்தாலே "மலைநாடா?" என்கிறார்கள். பின்னேரமானால் காரணமில்லாமல் அழுகிறேன். பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கே போய்விடவா? கணவர் லீவுக்கு வந்து போகட்டும்.
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: முடிவை மட்டும் இந்த மாதத்தில் எடுக்காதீர்கள், மகள். இந்த ஊரை அறிய வருகிறவர்கள் வரக்கூடாத காலத்தில் வந்துவிட்டீர்கள்.

உங்கள் மகள் தேடிய அந்தக் கச்சானைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். வைகாசி தொடக்கம் தென்மேல் பருவக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து உங்கள் மலைகளில் ஏறுகிறது. சுமந்து வந்த மழையை அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்குகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். இப்போது அம்மம்மா வீட்டுக் கூரையில் சோவென்று பெய்கிற மழையும், இங்கே உங்கள் முகத்தில் அனலாக அடிக்கிற காற்றும் ஒரே காற்றுதான். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கே ஆடி, ஆவணியில் தலை கிறுகிறுக்கும். ஐப்பசியில் வானம் கறுக்கும், கார்த்திகை மார்கழியில் மழை விடாது, தை மாசியில் மின்விசிறியைக் குறைத்து வைப்பீர்கள். காற்று ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். அதற்குப் பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால் போங்கள், நான் தடுக்கமாட்டேன்.

அந்த அழுகையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏழு மாதப் பிள்ளையின் தாய் நாள் தவறாமல் அழுகிறாள் என்றால், எல்லாவற்றையும் வெயிலின் தலையில் போட முடியாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தையின் முதல் வருடத்தில் எந்த நேரத்திலும் தலைகாட்டலாம். அது தாயின் குற்றமில்லை, மருந்தும் பேச்சும் அதற்கு உண்டு. சின்னவனின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே உங்கள் பிரிவின் குடும்பநல மாதுவைக் காணுங்கள். அவர் யார் என்று பக்கத்து வீட்டு உம்மாவுக்கு நிச்சயம் தெரியும். நிறை பார்த்து முடித்ததும் எழுந்து வந்துவிடாமல், எனக்கு எழுதிய அதே வரியை அவரிடமும் சொல்லுங்கள்: "பின்னேரமானால் காரணமில்லாமல் அழுகிறேன்." இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவிச் சேவை அது, தமிழிலும் பேசலாம். கணவரிடம் இந்தப் பந்தியைக் காட்டுங்கள். தம்பி, நீங்கள் வங்கியால் வந்ததும் அரை மணித்தியாலம் இரண்டு பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. அவர் குளித்து, ஆறி ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும்.

இனி வீட்டு நேரம். நானுஓயாவில் வெயில் ஏறிய பிறகுதான் பிள்ளையை வெளியே எடுப்பீர்கள். இங்கே அதைத் தலைகீழாக்க வேண்டும். விடிய ஐந்தரைக்கு எழும்பி, ஏழரைக்குள் சமையலையும் தோய்ச்சலையும் முடியுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் முற்றத்தில் மண்ணளையட்டும். ஒன்பது மணிக்கு மேற்குப் பக்க யன்னல்களை மூடி, ஈரச்சீலை ஒன்றைத் தொங்கவிடுங்கள். கிழக்குப் பக்கம் திறந்தே கிடக்கட்டும். பகலில் பிள்ளைகளோடு நீங்களும் படுங்கள். பகலில் படுப்பது சோம்பல் என்று உங்கள் ஊரில் சொல்லியிருப்பார்கள், இங்கே அப்படி யாரும் சொல்லமாட்டார்கள்.

சின்னவனுக்குத் தொப்பியும் காலுறையும் போடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மலையில் வளர்ந்த கைக்கு அது பழக்கம். கழற்றிவிடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், பகலில் அதுவும் வேண்டாம். என் இரண்டாவது மகளுக்கு வேர்க்குரு வந்தபோது மணக்க மணக்கப் பேபி கொலோன் பூசி, மேலே பவுடரும் அப்பினேன். மறுநாள் கழுத்து மடிப்பு முழுக்கச் சிவந்து, தொடவிடாமல் கத்தினாள். கொலோனில் உள்ள மதுசாரம் எரிக்கும், பவுடர் வேர்வைத் துவாரங்களை அடைக்கும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்துக் காற்றில் விடுங்கள், நாலைந்து நாளில் தணியும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள். ஏழு மாதம் என்பதால் தாய்ப்பாலோடு இடையிடையே கொதித்தாறிய நீர் கொடுக்கலாம்.

வளவில் கிணறு இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவர்களின் கண்ணுக்குக் கிணறு ஆபத்தாகத் தெரியாது. இங்கே பழைய வளவுகளில் கட்டு இடுப்பளவுதான் இருக்கும், வாளியைப் புரட்டிப் போட்டு ஏறினால் மூன்றரை வயதுக்கு எட்டிவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லிக் கம்பிவலை மூடி அடியுங்கள். "செய்வோம்" என்று இழுத்தால் உங்கள் காசிலேயே அடித்து வாடகையில் கழியுங்கள். தண்ணீர் நிரப்பிய பரலுக்கும் மூடி வேண்டும், சின்னவன் தவழத் தொடங்கப்போகிறான்.

மழை தொடங்கினால் டெங்கு. 2017இல் கிண்ணியாவில் அது ஆடிய ஆட்டத்தை இந்த மாவட்டம் மறக்காது. இந்த நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் நுளம்பு வலை கட்டுங்கள். சிரட்டை, யோகட் கோப்பை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். மூன்றாம் நாளும் காய்ந்தால் இரத்தப் பரிசோதனை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் நாள் எண்ணாமல் முதல் நாளே காட்டுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிற்றுவலி என்றால், சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. டெங்கில் சூடு இறங்குகிற நேரம்தான் பயங்கரமானது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது.

கடலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை, மகள். உப்புவெளியில் இருந்துகொண்டு! இந்தக் காலத்தில் எங்கள் கரை அமைதியாகக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கி மாரி வந்தால் அலை எழும்பிவிடும், பிள்ளைகளோடு இறங்க முடியாது. ஆகவே இப்போதே போங்கள். ஐந்து மணிக்குப் பிறகு, கணுக்கால் தண்ணீர் மட்டும், மூத்தவளின் கை உங்கள் கைக்குள். எங்கே ஆழம் விழும் என்று வலை காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் மரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். என் பேரன் முதல் தடவை கண்டபோது மூச்சுக்கூட விடாமல் நின்றான், மான் காதை ஆட்டியதும் இவனும் தலையை ஆட்டினான். பொலித்தீன் பையில் எதையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அவை பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

"மலைநாடா?" என்ற கேள்விக்கு வருகிறேன். சிலர் ஊர் அறியக் கேட்பார்கள். சிலர் கேட்கிற விதத்தில் ஓர் இளக்காரம் இருக்கும், அது எங்கள் ஊர்க்காரர் வெட்கப்பட வேண்டிய விஷயம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்திலும் குடியேறின. காடு வெட்டிப் பயிர் செய்து, இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர்கள். உங்கள் பேச்சுக்கு இந்த மண்ணில் அரை நூற்றாண்டு வயது. "ஓம், நானுஓயா" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். மகள் வீட்டில் உங்கள் தமிழும் முற்றத்தில் எங்கள் தமிழும் பேசுவாள், பிள்ளைகளுக்கு அது பாரமில்லை.

உம்மாவின் சிரிப்பை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள். வெயிலில் நின்ற உங்கள் பிள்ளையைக் கண்டு வேலிக்கு வந்து சொன்ன மனிசி அவர். நீங்கள் ரொட்டி சுடுகிற நாளில் சம்பலோடு நாலு ரொட்டியை மகளிடம் கொடுத்தனுப்புங்கள். தட்டு வெறுமையாகத் திரும்பாது, எருமைத் தயிரோ பொரித்த மீனோ அதில் வரும். முள் குறைந்த மீன் எது, பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறாவை எப்படி வறுப்பது, நல்ல நேசறி எங்கே என்பதெல்லாம் அந்த வேலிக்கு மேலாலேயே தெரிந்துவிடும்.

இங்கேயே இருப்பதென்றால் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் பெயரைச் சேருங்கள். மூத்தவளை முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கும்போது வதிவிடத்துக்கு அதைத்தான் பார்ப்பார்கள்.

தை பிறந்ததும் எனக்கு எழுதுங்கள். கிணற்றுக்கு மூடி போட்டாச்சா என்பது முதல் வரியில் இருக்க வேண்டும்.